முதல் கரண்டிக் கஞ்சி: நான்காம் மாதமா, ஆறாம் மாதமா, பல் முளைத்த பிறகா?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகிவிட்டால் கஞ்சிப் பேச்சு தானாகக் கிளம்பிவிடும். மாமியாருக்கு ஒரு கணக்கு, பெற்ற அம்மாவுக்கு ஒரு கணக்கு, கிளினிக் மிசி (தாதி) சொல்வது ஒன்று, கணவர் கைப்பேசியில் படித்துவிட்டு வந்து சொல்வது இன்னொன்று. நான் வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். விடியற்காலையில் பேக்டரி பஸ் வருவதற்குள் தாய்மார்கள் பிள்ளையையும் பையையும் என் கையில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். பையைத் திறந்தாலே அந்த வீட்டில் யார் பேச்சு எடுபட்டது என்று தெரிந்துவிடும். கறந்த பால் பாக்கெட்டுகள் தேதி எழுதி ஐஸ் பெட்டியில் இருக்கும். அல்லது நான்கு மாதக் குழந்தைக்கு நெஸ்டம் என்ற தானிய மாவு டின் இருக்கும். எட்டு மாதமாகியும் பால் புட்டி மட்டுமே வரும் பைகளும் உண்டு. எனக்கு அதிகம் கவலை தருபவை அவைதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறைமாதத்தில் பிறந்து, நன்றாக எடை ஏறிவரும் குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் வரை பால் போதும். ஆறு மாதம் நிறைந்ததும் நாள் கடத்தாமல் சோறு தொடங்க வேண்டும். நான்கு மாதம் நிறைவதற்குள் எக்காரணம் கொண்டும் கூடாது. நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் தொடங்கச் சில குழந்தைகளுக்கு நியாயமான காரணம் உண்டு. அதை மருத்துவர் சொல்லட்டும். மாதத்தைப் பற்றி வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதியளவாவது கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

பாட்டி சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது

"நாங்கலாம் மூணு மாசம் நாலு மாசத்துல கஞ்சி ஊத்தி வளக்கலியா? இந்தா நிக்கிறான் பாரு உம் புருசன், மலை மாதிரி!" இந்த வசனத்தைக் கேட்காத மருமகள் இந்த ஊரில் இருக்க முடியாது. கேட்டதும் கோபம் வரும். ஆனால் அந்த மாமியாருக்கு 1990களில் மகன் பிறந்தபோது, நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கலாம் என்பதுதான் உலகம் முழுவதும் இருந்த மருத்துவ வழக்கம். 2001-இல்தான் உலக சுகாதார மாநாடு, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று தீர்மானம் போட்டது. மலேசியாவில் தேசியத் தாய்ப்பால் கொள்கை 1993-இல் வந்தது. 2005-இல் திருத்தப்பட்டு ஆறு மாதம், அதன்பின் இணை உணவோடு இரண்டு வயது வரை தாய்ப்பால் என்று ஆனது. ஆகவே அத்தை நான்கு மாதம் என்று சொல்வது அறியாமையால் அல்ல. அவருக்கு அன்றைய கிளினிக்கில் சொன்னதை அவர் நினைவில் வைத்திருக்கிறார். இதை மருமகள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் வீட்டில் சூடு பாதி தணிந்துவிடும்.

இன்றைக்கும் எல்லா மருத்துவர்களும் ஒரே குரலில் பேசுவதில்லை. ஐரோப்பியக் குழந்தைகள் இரைப்பை குடல் மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், நான்கு மாதத்துக்கு முன் இணை உணவு வேண்டாம், ஆறு மாதத்தைத் தாண்டியும் தள்ளிப்போட வேண்டாம் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் ஏறக்குறைய ஆறு மாதம் என்கிறது. நம் கிளினிக்கில் ஆறு மாதம். கணவர் ஐரோப்பியப் பக்கத்தைப் படித்திருப்பார், மனைவி கிளினிக் புத்தகத்தைப் படித்திருப்பார். இருவர் கையிலும் ஆதாரம் இருக்கும். ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். நான்கு மாதத்துக்கு முன் கூடாது, ஆறுக்குப் பின் தாமதம் கூடாது என்ற இரண்டில் எல்லோருமே ஒத்துப்போகிறார்கள் என்பதைச் சண்டையில் மறந்துவிடுகிறார்கள்.

இந்த அவசரத்துக்குப் பின்னால் வேலை இருக்கிறது

தோட்டப்புறத்தில் சீக்கிரமாகக் கஞ்சி ஊற்றும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பெரட்டுக் களத்தில்தான், அதாவது தோட்டத் தொழிலாளர்கள் விடியுமுன் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் இடத்தில்தான், போய் நிற்கும். பால் மரம் என்ற ரப்பர் மரம் வெட்டுகிறவர்கள் இருட்டோடு போக வேண்டும். லயத்து வீட்டிலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, ரப்பர் பால் எடுத்து நிறுவைக்குக் கொடுத்துத் திரும்பும்போது நடுப்பகல் ஆகிவிடும். அத்தனை மணி நேரம் பிள்ளை என்ன குடிக்கும்? கஞ்சித் தண்ணீர், சீனித் தண்ணீர், டின் பால். அக்காலத்து மலாயாவில் இனிப்புச் சேர்த்த கெட்டிப் பாலைக் குழந்தை உணவாகவே விற்றார்கள். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939-இல் சிங்கப்பூரில் பேசிய ஒரு கூட்டத்தில், தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கச் சொல்வதைக் கொலை என்றே கண்டித்தார். சத்துக் குறைவில் உடம்பு வீங்கிப்போகும் குவாஷியோர்கர் நோயை மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர்.

மரம் வெட்டிய பாட்டியின் பேத்தி இன்றைக்குச் சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் பேக்டரிக்குப் போகிறாள். சுற்றிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயம் போய்த் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு வந்துவிட்டது. பிள்ளையை விட்டுவிட்டு ஓடும் நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது. தனியார் துறையில் பேறுகால விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியது. நல்ல மாற்றம். ஆனால் 98 நாள் என்பது 14 வாரம். அம்மா வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு மூன்று மாதம் கடந்து சில நாள்தான் ஆகியிருக்கும். நான்கு மாத வாதம் வீட்டில் வலுப்பெறுவது சரியாக இந்த இடத்தில்தான். பிள்ளைக்குப் பசி வந்துவிட்டதென்று வாயால் சொல்வார்கள். உண்மையில் அம்மா வீட்டில் இல்லாத எட்டு மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியை அப்படியே கேட்டால் பதில் எளிது. மூன்றரை மாதக் குழந்தைக்கு அம்மா இல்லாத நேரத்தில் கொடுக்கக்கூடியவற்றில் முதலிடம் கறந்து வைத்த தாய்ப்பாலுக்கு, அது முடியாதபோது முறையாகக் கரைத்த பால் மாவுக்கு. கஞ்சிக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. பால் கறந்து வைப்பது சிரமம் என்பது எனக்குத் தெரியும். வேலையிடத்தில் தனி அறை கேட்டு வாங்குவது, இடைவேளையில் ஓடுவது, மேற்பார்வையாளர் முகம் சுளிப்பது எல்லாம் தாய்மார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முடிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: கறந்த பால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் (பிரிட்ஜில்) நான்கு நாள் வரை நிற்கும். வெளியே 25 பாகை செல்சியசுக்குள் என்றால் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் வீட்டுக்குள் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது, அதனால் கறந்த நிமிடமே ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். பாக்கெட்டின் மேல் தேதியும் நேரமும் எழுதி அனுப்புங்கள். பழையதை முதலில் எடுப்பது பார்த்துக்கொள்கிறவர் வேலை. முடியாத தாய்மார்கள் பால் மாவுக்கு மாறினால் அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். பால் மாவுக் குழந்தைக்கும் ஆறு மாதக் கணக்குதான்.

பசி, தூக்கம், எடை

நான்காம் மாதத்துக்கு ஆதரவாக வீடுகளில் சொல்லப்படுவது இந்த மூன்றும்தான். மூன்றையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

எடை விஷயத்தில் 1990களில் ஹொண்டூராஸ் நாட்டில் செய்த ஆய்வு எனக்கு ரொம்பவும் தெளிவு கொடுத்தது. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு நான்காம் மாதத்திலேயே சுத்தமான, சத்தான உணவு கொடுத்தார்கள்; மற்றவர்களுக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். வளர்ச்சியில் வித்தியாசமே இல்லை. காரணம், உணவு உள்ளே போன அளவுக்குக் குழந்தை பாலைக் குறைத்துக்கொண்டது. வயிறு ஒன்றுதானே! ஐந்தாம் மாதத்தில் ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்டினால் அது பாலோடு கூடுதலாகச் சேராது, பால் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் நீர்த்த கஞ்சி என்றால் குழந்தைக்கு நஷ்டம்தான்.

தூக்க விஷயத்தில் பாட்டிமார் சொல்வதில் துளி உண்மை இருக்கிறது. இங்கிலாந்தில் 1,300 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், மூன்றாம் மாதத்திலிருந்தே திட உணவு பெற்ற குழந்தைகள் ஆறு மாதக் காத்திருப்புக் குழந்தைகளைவிட அதிகம் தூங்கினார்கள் என்று 2018-இல் வெளியிட்டார்கள். எவ்வளவு அதிகம்? வித்தியாசம் உச்சத்தில் இருந்தபோது இரவுக்குச் சுமார் 17 நிமிடம். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவளுக்குப் 17 நிமிடமும் பெரிதுதான், அதை நான் லேசாகப் பேசமாட்டேன். ஆனால் கஞ்சி ஊற்றினால் விடியும்வரை தூங்கும் என்று நம்பிக் கொடுத்தால் ஏமாற்றம்தான் வரும்.

பசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு நான்காம் மாதத்து இயல்பு. கையை வாயில் வைத்துச் சப்பும், எச்சில் ஒழுகும், நாம் சாப்பிடும்போது வாயையே பார்க்கும், இரவில் திரும்பவும் விழிக்க ஆரம்பிக்கும். இவை எல்லாம் வளர்ச்சியின் அடையாளம். சோற்றுக்குத் தயார் என்பதற்கான அறிகுறிகள் வேறு: கழுத்து ஆடாமல் நிற்க வேண்டும், லேசாகப் பிடித்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும், கரண்டியைக் கண்டால் வாயைத் திறக்க வேண்டும், உதட்டில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். நான்கு மாதக் குழந்தைக்குக் கரண்டியில் கொடுத்துப் பார்த்தால் நாக்கு முன்னால் வந்து அத்தனையையும் தாடையில் வழியவிடும். அது அடம் கிடையாது. மூச்சுக்குழாயில் எதுவும் போய்விடாமல் உடம்பு தானாகச் செய்யும் காவல். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது மெல்ல மறையும். அந்தக் காவலை ஏமாற்ற, பால் புட்டியின் ரப்பரில் துளையைப் பெரிதாக்கிக் கஞ்சியை ஊற்றிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூச்சுத் திணறும்.

தண்ணீரும் அப்படித்தான். நம் வெயிலுக்குத் தண்ணீர் கொடுக்காவிட்டால் பிள்ளை வாடிவிடும் என்பார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம் வரை அதற்கு மேல் ஒரு சொட்டும் தேவையில்லை.

நான்காம் மாதம் சரியாகும் குழந்தைகள்

ஆறு மாதம் என்று நான் சொல்வதைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு இடங்களில் மருத்துவரே முன்கூட்டித் தொடங்கச் சொல்லலாம்.

ஒன்று ஒவ்வாமை. முட்டையையும் கடலையையும் ஒரு வயதுவரை கண்ணில் காட்டாதே என்று முன்பு சொன்னார்கள். லண்டனில் 640 குழந்தைகளை வைத்துச் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. கடுமையான தோல் அரிப்பு நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைகளுக்கு நான்கு முதல் பதினொரு மாதத்துக்குள் வேர்க்கடலையைத் தொடங்கிக் கொடுத்துவந்ததில், ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் குறைந்திருந்தது. எனவே எக்சிமா என்று முகமும் முழங்கை மடிப்பும் சிவந்து புண்ணாகியிருக்கும் குழந்தை உள்ளவர்கள், நான்காம் மாதத்திலேயே மருத்துவரிடம் இதைக் கேட்க வேண்டும். வீட்டில் தாங்களாகவே முயற்சி செய்யக் கூடாது. மற்றக் குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்தில் மற்ற உணவோடு முட்டையும் கடலையும் வரலாம். கச்சானை (வேர்க்கடலையை) முழுசாகக் கொடுக்கக் கூடாது. மையாக அரைத்துக் கஞ்சியில் கலந்துதான்.

இன்னொன்று இரும்புச்சத்து. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். அவர்களுக்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தாகவே இரும்பு கொடுப்பார்கள். உணவு தொடங்கும் மாதத்தைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிறந்திருக்க வேண்டிய நாளையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். நிறைமாதக் குழந்தைகளில் நான்கு மாதத்தையும் ஆறு மாதத்தையும் ஐஸ்லாந்தில் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டார்கள். நான்கில் தொடங்கியவர்களுக்கு இரும்புச் சேமிப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது. வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் நான்கில் ஆதாயம்தானே என்று கேட்கலாம். எதிர்த் தட்டில் பெலாருஸ் ஆய்வு இருக்கிறது. அங்கே ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு, மூன்று மாதத்தோடு அதை நிறுத்தி வேறு உணவும் சேர்த்தவர்களைவிட முதல் வருடத்தில் வயிற்றுப்போக்கு குறைவாக வந்தது. நல்ல தண்ணீரும் மருத்துவமும் உள்ள நாடு அது. ஐஸ்லாந்துக் குளிரில் மேசைமேல் வைத்த கஞ்சி நம் ஊரைப் போல அவ்வளவு சீக்கிரம் கெடாது. பீடோங் மத்தியானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த கஞ்சியை நான் குழந்தைக்குக் கொடுக்கமாட்டேன். பிளெண்டரின் கத்திக்கு அடியில் ஒட்டியிருக்கும் பழைய மாவு, கழுவாத புட்டி மூடி, ஒரே கரண்டியில் இரண்டு பிள்ளைகளுக்கு ஊட்டுவது: குழந்தை இவற்றைச் சந்திக்கும் நாளை இரண்டு மாதம் தள்ளிவைப்பதே பெரிய லாபம். ஆரோக்கியமான குழந்தைக்கு ஆறு என்று நான் நிற்பதற்கு இதுதான் காரணம்.

"பல் முளைக்கட்டும்" என்பவர்கள்

மூன்று கருத்துகளில் இதுதான் ஆபத்தானது. ஆனால் இதை எதிர்த்து வீட்டில் யாரும் சத்தம் போடுவதில்லை. பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது, பால் நன்றாகக் குடிக்கிறது, எதற்கு அவசரம் என்று ஏழாம் மாதம், எட்டாம் மாதம் என்று போய்க்கொண்டே இருக்கும். சில வீடுகளில் கோயிலில் சோறூட்ட நல்ல நாள் பார்ப்பார்கள். ஆண்பிள்ளைக்கு இரட்டைப்படை மாதம், பெண்பிள்ளைக்கு ஒற்றைப்படை மாதம் என்று பார்க்கும்போது எட்டுக்குத் தள்ளிப்போகும். நல்ல நாள் பாருங்கள், சாமி முன்னால் ஊட்டுங்கள், மனதுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் வீட்டுச் சோறு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறாம் மாதம் வீட்டில் தொடங்கிவிட்டு எட்டாம் மாதம் கோயிலில் சடங்கு செய்வதில் ஒரு குறையும் வராது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. குழந்தை பிறக்கும்போது அம்மாவிடமிருந்து கொண்டுவந்த சேமிப்பை வைத்துத்தான் முதல் ஆறு மாதம் ஓடுகிறது. ஏழு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை என்பது அமெரிக்கக் கணக்கு; வளர்ந்த ஆண் ஒருவருக்கு 8 மில்லிகிராம்தான். அந்த அளவு பாலில் வரவே வராது. அம்மாவுக்கே சோகை இருந்தால் சேமிப்பு இன்னும் குறைவாக இருக்கும். 2019-இல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் மூவருக்குச் சோகை இருந்தது. அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குட்டையாக இருந்தார்கள். கொழுகொழு கன்னத்தைப் பார்த்து இரும்பு இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

பல்லுக்கும் சோற்றுக்கும் சம்பந்தமில்லை. சில குழந்தைகளுக்கு முதல் பல் ஒரு வயதை ஒட்டித்தான் வரும். மசித்த சோற்றை ஈறே நசுக்கிவிடும். பிரிஸ்டல் வட்டாரத்துக் குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், சிறு கட்டியுள்ள உணவு ஒன்பது பத்து மாதத்துக்குப் பிறகே கிடைத்தவர்கள் ஏழு வயதிலும் சாப்பாட்டில் தகராறு செய்தார்கள். என் வீட்டிலும் இதைக் கண்ணால் பார்க்கிறேன். ஒரு வயதில் சோற்றுப் பருக்கை நாக்கில் பட்டால் குமட்டும் குழந்தையின் அம்மாவிடம் விசாரித்தால், அதுவரை எல்லாம் பிளெண்டரில்தான் போயிருக்கும்.

கிண்ணத்துக்குள்

இப்போது நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன்.

ஆறு மாதம் பொறுமையாகக் காத்திருந்த அம்மா, முதல் நாள் கொண்டுவரும் டப்பாவைத் திறந்தால் வெள்ளையாகத் தண்ணீர் போல ஆடும். சோறு வடித்த கஞ்சியில் கேரட் ஒரு துண்டு வேகவைத்து வடிகட்டியது. அதில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் வைத்த கஞ்சியில் 100 மில்லிக்கு 35 கலோரிகூட வராது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்கு 200 கலோரி உணவிலிருந்து வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தக் கஞ்சியில் 200 கலோரி வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 600 மில்லி ஊட்ட வேண்டும். எட்டு கிலோக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது 240 மில்லி அளவு; அதற்குள் பாலுக்கும் இடம் வேண்டும். இரும்பென்று பார்த்தால் வெள்ளரிசிச் சோறு 100 கிராமில் 0.2 மில்லிகிராம்தான்.

கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். ஒழுகி ஓடாமல் கரண்டியிலேயே ஒட்டி நின்று, பிறகு மெதுவாக விழ வேண்டும். நான் செய்வது இப்படி: ஒரு பிடி அரிசி, அரைப் பிடி பாசிப்பருப்பு, குழைய வேகவைப்பேன். கோழி ஈரல் ஒரு சிறு துண்டைத் தனியே நன்றாக வேகவைத்து, உள்ளே சிவப்பே இல்லாமல் ஆனதும் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்ப்பேன்; அது சுண்ணாம்பு மாதிரி உதிரும். அதைச் சோற்றில் போட்டு மசித்து, கடைசியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ. அந்த ஒரு கரண்டி எண்ணெயிலேயே 40 கலோரி வந்துவிடும். சமைத்த கோழி ஈரலில் 100 கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம் இரும்பு உண்டு. விலையும் இறைச்சியைவிட மலிவு. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரம் ஒரு தடவை போதும். மற்ற நாளில் மீன், கோழித் தொடைக் கறி, முட்டை, பருப்போடு கீரை. கீரை, பருப்பிலுள்ள இரும்பு உடம்பில் லேசில் சேராது. பப்பாளியோ கொய்யாவோ இரண்டு கரண்டி சேர்த்து ஊட்டினால் கூடுதலாகச் சேரும். நெத்திலி போடுவதென்றால் உப்பை நன்றாக ஊறவைத்துக் கழுவி எடுங்கள். ஒரு வயதுவரை குழந்தையின் சாப்பாட்டில் உப்பும் சீனியும் வேண்டாம்.

தோட்டத்துப் பழக்கம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மேரி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்து ஊட்டுவது. அன்போடு செய்கிறார்கள், பிள்ளையும் சப்புக்கொட்டிச் சாப்பிடும். ஆனால் தேயிலையில் உள்ள துவர்ப்பு, உணவிலிருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஏற்கெனவே குறைவாக இருப்பதை அது வீணாக்குகிறது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவுவதும் ஒரு வயதுவரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியால் பிள்ளையின் தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுபோகும் நோய் வரலாம்.

கடையில் வாங்கும் நெஸ்டம், செரிலாக் வகைகளைப் பற்றியும் கேட்பார்கள். இரும்பு சேர்த்தவை அவற்றில் உண்டு. அந்த வகையில் வடித்த கஞ்சியைவிட மேல். டின்னின் பின்புறம் இரும்பும் சீனியும் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். வேலைக்குப் போகும் அம்மா ஒரு வேளை அதைக் கொடுத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வேளையும் அதுவே என்றால் பிள்ளை மீனையும் கீரையையும் எப்போது பழகும்? கையாலேயே எடுத்துச் சாப்பிடவிடும் முறையும் இப்போது இளம் பெற்றோரிடம் பரவியிருக்கிறது. பூசணித் துண்டை நன்றாக வேகவைத்துக் கையில் கொடுப்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் அதோடு கரண்டியும் போக வேண்டும். கையில் பிசைந்து தரையில் போடுவதில் இரும்புக் கணக்கு நிரம்பாது.

கணவனும் மனைவியும் ஒத்துப்போகாதபோது

இதற்கு ஊசி அட்டவணையே ஒரு வழி காட்டுகிறது. நம் நாட்டில் நிமோனியா போன்ற நோய்களைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி நான்காம் மாதமும் ஆறாம் மாதமும் போடுகிறார்கள். இரண்டு முறையும் எடையும் பார்ப்பார்கள். நான்காம் மாதம் போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். முடிந்தால் அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எடைக்கோடு நன்றாக ஏறுகிறதா, கர்ப்பகாலத்தில் அம்மாவுக்கு ரத்தம் குறைவாக இருந்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பிள்ளைக்கு இரும்புச் சொட்டு வேண்டுமா, தோல் அரிப்புக்காகச் சீக்கிரம் தொடங்க வேண்டுமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் கவலை இல்லை என்று பதில் வந்தால் ஆறு மாதம்வரை வாக்குவாதத்தை ஒத்திவைக்கலாம். மாமியார் காதாரக் கேட்ட பதிலை மருமகள் வீட்டில் திரும்ப வாதாட வேண்டியதில்லை. எடைக்கோடு கீழே வளைகிறது என்றால் முதலில் பால் போதுமான அளவு போகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். கஞ்சி அதற்குப் பிறகு.

ஆறாம் மாதம் ஊசிக்கும் முதல் சோற்றுக்கும் இடையே இரண்டு நாள் விடுங்கள். ஊசியால் காய்ச்சல் வந்தால், சோறுதான் காரணம் என்று அத்தையும் ஊசிதான் காரணம் என்று நீங்களும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். முதல் வாரம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கரண்டி போதும். ஏழு மாதம் நிறைவதற்குள் இரண்டு மூன்று வேளை ஆகிவிட வேண்டும். முட்டை, கடலை, மீன் போன்றவற்றை ஒவ்வொன்றாக, காலை நேரத்தில், கிளினிக் திறந்திருக்கும் நாளில் கொடுத்துப் பாருங்கள். உதடு வீங்கினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட முடியும். மூச்சு வாங்கினால் 999-க்கு அழையுங்கள். பிள்ளையை என்னைப் போன்றவரிடம் விட்டுவிட்டுப் போகிறவர்கள், அன்று புதிதாக என்ன ஊட்டினீர்கள் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.